மேல்தாடையில் ஒரு சன்னல்

என் அம்மாவுக்கு இடது பக்க மேல்வரிசையில் கடைவாய்ப் பற்கள் மூன்று இல்லை. சொத்தை வந்தது உண்மைதான். ஆனால் பற்கள் போனது சொத்தையால் இல்லை. ஒரு பல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் நாலு தடவை லீவு போட வேண்டும். பிடுங்க அரை மணி நேரம் போதும். ஆஸ்பத்திரித் துணிகளை இஸ்திரி போடும் இடத்தில் வேலை செய்கிறவளுக்கு நாலு நாள் லீவு தர எந்த சூப்பர்வைசருக்கும் மனசு வராது. மூன்று பற்களும் மூன்று மதிய இடைவேளையில் போயின. நான் பல் மருத்துவம் படித்த பிறகுதான் இது எனக்கே உறைத்தது. அதுவரை எங்கள் வீட்டில் பல் என்றால் வலிக்கும், பிடுங்குவார்கள், அவ்வளவுதான்.

பல் போன இடத்தில் எலும்பு சும்மா இருக்காது, கரையும். கன்னத்துக்குள் இருக்கிற காற்றறை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கீழே இறங்கிவரும். ஸ்கேனில் அம்மாவுக்கு மிஞ்சியிருந்த எலும்பு மூன்று மில்லிமீட்டர். அதில் செயற்கைப் பல்லுக்கான திருகை நட்டால் அது மேலே காற்றறைக்குள் விழுந்துவிடும். முதலில் எலும்பைக் கூட்ட வேண்டும். ஈறைத் திறந்து, தாடையின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, காற்றறைக்கு உட்பூச்சாக இருக்கும் சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் எலும்புத் தூளை நிரப்பித் தைக்க வேண்டும். ஆறேழு மாதத்தில் தூள் எலும்பாகும். சவ்வு கிழிந்திருந்தால் தூள் காற்றறைக்குள் சிதறும். சீழ் பிடிக்கும். மூக்கும் கன்னமும் மாதக்கணக்கில் வீங்கி வலிக்கும்.

எங்கள் கிளினிக்கில் இதற்கு முட்டைதான் பயிற்சி. பச்சை முட்டையின் ஓட்டில் சன்னல் வெட்டி, உள்தோல் கிழியாமல் பிரித்தெடுக்க வேண்டும். வரிசையாக முப்பது முட்டை கிழியாமல் வந்தால்தான் மனித வாய். நான் வீட்டுச் சமையலறையில் செய்தேன். இருபத்தாறாவது கிழியும், மறுபடி ஒன்றிலிருந்து.

“எத்தனை முட்டைடி இன்னும்?” என்பாள் அம்மா. “நீ படிக்கிற, நான் ஆம்லெட் தின்னே செத்துட்டிருக்கேன். இந்த முட்டையத் தின்னதுக்கே எனக்கு எலும்பு தானா வளந்திருக்கும்.”

முப்பது முடிந்த அன்று அவள்தான் ஆரம்பித்தாள். “முட்டைக்குப் பண்ணத எனக்குப் பண்ண மாட்டியா?”

முடியாது என்றேன். சொந்த அம்மா வாயில் கை வைக்க மாட்டேன் என்று பெரிய டாக்டரிடமும் சொன்னேன். கிளினிக் அவருடையது. நான் அவரிடம் இரண்டாம் வருடம் வேலை பழகுகிறேன். அவர் சிரித்தார். “அம்மாவே கேக்குறாங்க. நான் பக்கத்துல நிக்கிறேன். இதுக்கே பயந்தா இந்தத் தொழிலுக்கு ஏம்மா வந்த?”

அந்தக் கேள்வி அங்கேயே என்னை முடித்துவிட்டது. டாக்டர் வீட்டுப் பிள்ளை பயந்தால் அதற்குப் பெயர் நிதானம். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கிய நான் பயந்தால், ‘இதுங்களுக்கெல்லாம் எதுக்கு இந்தப் படிப்பு’. சரி சார் என்றேன்.

ஸ்கேனில் இன்னொன்றும் இருந்தது. காற்றறையின் பின்பாதியில் ஒரு குறுக்குச் சுவர். வேலி மாதிரி கீழிருந்து எழும்பி நிற்கும் மெல்லிய எலும்பு. சவ்வு அதன் மேல் ஏறி இறங்கும் இடத்தில்தான் கிழியும். முட்டைக்குள் சுவர் கிடையாது.

அன்று காலை அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல புடவை கட்டி வந்தாள். நர்ஸ் அக்கா முகத்தின் மேல் பச்சைத் துணி போட்டார். வாய் மட்டும் தெரிந்தது. அம்மா இல்லை, ஒரு வாய். அப்படி நினைத்துக்கொண்டால்தான் கை நடுங்காது என்று நினைத்தேன். ஆனால் துணிக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு அவளுடைய கை.

மரத்துப்போக ஊசி போட்டாலும் ஆள் விழித்துத்தான் இருப்பார். எல்லாம் காதில் விழும். அதனால் அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. கிழிஞ்சது, உடைஞ்சது, போச்சு, ஐயோ. இந்த வார்த்தைகள் யார் வாயிலும் வரக் கூடாது. எது நடந்தாலும் கண்ணால் பேச வேண்டும். பெரிய டாக்டர் இதைப் பெருமையாகச் சொல்வார்.

சன்னல் வெட்டும்வரை நன்றாகத்தான் போனது. துளைக்கருவியின் சுற்றும் முனையால் எலும்பை ஒற்றி ஒற்றித் தேய்த்தேன். அக்கா உப்புநீர் விட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளை எலும்புக்கு அடியில் மெல்லச் சாம்பல் நீலம் தெரிந்தது. சவ்வு. அம்மா மூச்சு இழுக்க, அதுவும் அசைந்தது. இழுத்தால் ஒரு அசைவு, விட்டால் ஒரு அசைவு. என் அம்மா உயிரோடு இருப்பதை உள்ளேயிருந்து பார்த்தேன்.

“அழகா இருக்கு. மெதுவா தூக்கு” என்ற பெரிய டாக்டர், ஸ்கேனை இன்னொரு தடவை பார்க்கத் திரைப்பக்கம் திரும்பினார்.

சவ்வைப் பிரிக்கும் வளைந்த கரண்டியின் விளிம்பு எப்போதும் எலும்பைத் தொட்டபடியே போக வேண்டும். முன்பக்கம் பிரிந்தது. அடிப்பக்கம் பிரிந்தது. பின்னால் சுவர் தட்டியது. அங்கே நிறுத்தி, சன்னலைப் பின்னால் பெரிதாக்கி, மறுபக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். தெரியும் எனக்கு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் நன்றாகப் போகிறது என்ற திமிர். அவர் திரும்புவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி. கரண்டி எலும்பை விட்டு ஒரு நூல் விலகியது. கையில் எதுவும் உணரவில்லை. நீலத்துக்கு நடுவே ஒரு கறுப்பு மட்டும் தெரிந்தது.

அம்மா மூச்சு விட்டாள். சவ்வு அசையவில்லை. கறுப்பிலிருந்து ரத்தக் குமிழி ஒன்று எழும்பி உடைந்தது.

அக்கா பார்க்கவில்லை. எலும்புத் தூளைக் குழைத்துக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். வாங்கி உள்ளே அடைத்தால் ஓட்டை மறைந்துவிடும். தைத்துவிடலாம். எக்ஸ்ரேயில் கூட அழகாகத் தெரியும். ரெண்டு வாரம் கழித்து வீங்கினால் உடம்பு ஏத்துக்கலை என்று சொல்லலாம், எல்லாரும் சொல்கிறார்கள். கிண்ணத்தை வாங்கிவிட்டேன். தூளை அள்ளியும்விட்டேன். கரண்டி சன்னலுக்கு மேலே நிற்கிறது, அடுத்த குமிழி எழும்புகிறது.

“சார். கிழிஞ்சிருச்சு.”

வாய்விட்டுச் சொன்னேன். அம்மாவின் கைவிரல்கள் மடங்கின. அக்கா என்னை முறைத்தார்.

பெரிய டாக்டர் வந்து குனிந்தார். அளவுகோலை வைத்தார். ஒட்டுப்போடும் அளவில்லை, பன்னிரண்டு மில்லிமீட்டர். என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, தையல் ஊசியை எடுத்துத் தானே மூடினார். நாலு மாதம் ஆற விட்டு மறுபடி திறக்க வேண்டும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. துணியை விலக்கி அம்மாவிடம் கனிவாகப் பேசினார்.

“ஒண்ணுமில்லம்மா. நடுவுல நீங்க மூச்சக் கொஞ்சம் வேகமா இழுத்துட்டீங்க. அதுல உள்ள லேசா விட்டுடுச்சு. பரவால்ல, நிறைய பேருக்கு ஆகுறதுதான்.”

மரத்துப்போன வாயோடு அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். “தெரியாமப் பண்ணிட்டேன் டாக்டர்.”

நான் கையுறையைக் கழற்றினேன். ஊருக்கெல்லாம் கத்துகிற எனக்கு அப்போது வாய் வரவில்லை. அவர் பொய்யில் எனக்கும் ஒரு இடம் இருந்தது. சொகுசான இடம்.

ஓய்வறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டூல். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கட்டளைகளை ஒப்பித்தேன்: மூக்கைச் சிந்தாதே, தும்மல் வந்தால் அடக்காதே, வாயைத் திறந்து தும்மு. அவள் தலையாட்டினாள். பிறகுதான் கவனித்தேன். அவள் சரியாக மூச்சு விடவே இல்லை. கொஞ்சம் இழுக்கிறாள், நிறுத்துகிறாள், திருட்டுத்தனமாக விடுகிறாள். கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் மாதிரி.

“ஏம்மா இப்படிப் பண்ற?”

“மறுபடி கிழிஞ்சிடுமோன்னு பாக்குறேன். இன்னும் எவ்ளோ நேரம் இப்படி விடணும்?”

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முகம் சுருங்கியது. மூக்கு விடைத்தது. தும்மல். சட்டென்று இரண்டு விரலால் மூக்கைப் பிடித்து, உதட்டை இறுக்கி மூடினாள்.

“விடு. கைய எடு.” அவள் எடுக்கவில்லை. கண் பிதுங்க அடக்கினாள். அடங்கிய காற்று எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். போட்ட தையலுக்குப் போகும். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இஸ்திரி போட்டுப் பழகிய கை, அசையவில்லை. இடது மூக்கிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

“அம்மா, உன் மூச்சு ஒண்ணும் பண்ணல. நான்தான் கிழிச்சேன். அவசரப்பட்டு நான்தான் கிழிச்சேன், கைய எடு.”

கை தளர்ந்தது. வாய் திறந்து தும்மினாள். வாயிலிருந்த பஞ்சு தரையில் போய் விழுந்தது. ஓடிப்போய் விளக்கை எடுத்துவந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஐந்து தையல்கள். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஐந்தும் இருந்தன. பின்னால் கடைசித் தையலோரம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே என்ன ஆனது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நாலு மாதத்துக்கு யாராலும் சொல்ல முடியாது.

புதுப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தது. பஞ்சுக்கு இடையில், குழறலாக, ரகசியமாகச் சொன்னாள்:

“மெதுவாச் சொல்லுடி. டாக்டர் காதுல விழுந்துடப் போகுது.”

“அவருக்குத் தெரியும்மா.”

அம்மாவின் பார்வை கதவிலிருந்து என்னிடம் திரும்பியது. பிறகு நெஞ்சு உயர, முழுசாக ஒரு மூச்சு இழுத்து விட்டாள். நான் பஞ்சில் சிவப்பு எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.