குளத்தின் மேல் கிழக்கு வாசல்

மாதிரி வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தரையின் பளபளப்பைத்தான் பார்த்தார்கள். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபது வருடச் சேமிப்பைக் கைப்பையில் வைத்திருந்த இராஜம்மாவும் அப்படித்தான்.

"வாசல் கிழக்குங்க. பத்தரை வரைக்கும் நல்ல நேரம். முன்பணத்தைக் கட்டிருவோம்" என்றாள் கணவர் நாகையாவிடம்.

பின்பக்கச் சன்னல் வழியே பழைய தண்ணீர்த்தொட்டியைக் கண்டதுமே நாகையாவுக்கு இடம் பிடிபட்டுவிட்டது. விற்பனைக்காரனைக் கூப்பிட்டார்.

"மழைத் தண்ணி எங்க தம்பி போகும்?"

"அங்கிள், வீடு வாங்க வந்தீங்களா, லோங்காங் வாங்க வந்தீங்களா?" என்று அவன் வெளியே சாக்கடையைக் காட்டிச் சிரித்தான். "கெட்டி மண்ணு லா!"

"கெட்டி மண்ணா? இது குளம்டா. லோரியில வந்து நிரப்புன கூலி நான்தான். பழைய மெத்தை, தேங்காய் மட்டை, இடிச்ச பலகை. மேல ஒரு சாண் மண்ணு. கழுத்துல டை கட்டிட்டா பொய் உண்மையாயிருமா?"

இராஜம்மா கைப்பையை இறுக்கி மூடினாள்.

பக்கத்தில் நின்று அத்தனையும் காதில் வாங்கிய ஒரு மனிதர் விற்பனைக்காரனிடம் கேட்டது ஒன்றுதான்: "வாசல் கிழக்குதானே, தம்பி?"

நாகையா காறித் துப்ப இடம் தேடினார். தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது.