குவியலில் இன்னும் விழாத துண்டுகள்

1

"கையில வராத சீட்டுக்கு யாராச்சும் துண்டு வெப்பாங்களா கண்ணு?"

இதை எழுதுகிறவளிடம் செல்லாத்தாள் ஒருமுறை இப்படிக் கேட்டாள். எழுதுகிறவளும் அவளோடு வேலை செய்பவள்தான். ஏழாம் வகுப்போடு நின்றவள். வாயைவிட அவளுடைய பென்சிலுக்குத் தைரியம் அதிகம். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் போய்த்தான் இது கதையாகிவிட்டது.

2

தொடக்கம் மூன்று முறை எழுதப்பட்டது.

1968-இல் ராயபுரத்தில் மழை பொய்த்துப்போன ஒரு— [கதையில் மழைக்கு வேலையில்லை.]

நல்லம்மாள் பாவம், மிகவும்— [நல்லம்மாள் படித்தால் உதைப்பாள்.]

பனியன் கம்பெனியில் கரண்ட் போயிருந்தது. [இது நிற்கட்டும்.]

3

அன்று காலையில் மேஸ்திரி சாமியப்பன், பெண்கள் பனியன் மடிக்கிற மடிப்பு மேசைக்கு வந்தார்.

"ஓரம் தைக்கற புது ஓவர்லாக் மிஷினு எறங்கியிருக்குது. ஒரு பொம்பளைய உக்கார வெச்சுப் பாக்கலாம்னு மொதலாளி சொல்றாருங்க. பழகற வரைக்கும் பாதிக் கூலிதான். யாருன்னு நீங்களே பேசிச் சொல்லுங்க."

அந்தக் கம்பெனியில் அதுவரை எந்தப் பெண்ணும் மிஷினில் உட்கார்ந்ததில்லை. மடிப்பவள் எத்தனை வருஷம் ஆனாலும் மடிப்பவள்தான். மிஷின் பழகியவளைப் பெருமாநல்லூர் வரை உள்ள கம்பெனிகளெல்லாம் வேலைக்குக் கூப்பிடும். ஆனாலும் பாதிக் கூலி என்றதும் ஐந்து பேர் விலகிக்கொண்டார்கள். மிஞ்சியது நல்லம்மாளும் செல்லாத்தாளும்.

செல்லாத்தாள் பட்டாளத்துக்காரன் மனைவி. பூனாவில் குடியிருந்தபோது போக்கர் என்ற சீட்டாட்டம் பழகி, மடிப்பு மேசைக்கே தொற்றவைத்தவள். மத்தியானம் கரண்ட் போனதும் அவள்தான் சொன்னாள்:

"சண்டை எதுக்கு புள்ள? ஆடிப் பாத்துருவோம். கரண்ட் வந்ததும், அப்ப நடக்கற ஆட்டத்தோட நிறுத்திக்கலாம். யாருகிட்டத் துண்டு சாஸ்தியோ அவளுக்கு மிஷினு."

"அப்பறம் அழப்படாது" என்றாள் நல்லம்மாள்.

வெட்டில் விழுந்த துணித் துண்டுகள்தான் பந்தயம். யார் பக்கமும் பேசாதவள் என்பதால் எழுதுகிறவளைச் சீட்டுப் போட வைத்தார்கள்.

(ஓர் இடைக்குறிப்பு: ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன்னும் பின்னும் துண்டு வைக்கலாம்; எதிராளி ஈடாக வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துக் குவியலை விட்டுவிட வேண்டும். ஐந்தும் ஆட்டினாக, அதாவது சிவப்பு இதயச் சின்னமாக, அமைந்தால் மூன்று ராஜாவையும் தோற்கடிக்கும். இவ்வளவு போதும்.)

4

நல்லம்மாளுக்கு நான்கு ஆட்டின் வந்திருந்தது. ஐந்தாவது எதற்கும் ஆகாத சீட்டு.

செல்லாத்தாள் நான்கு துண்டு வைத்தாள். குவியலில் பன்னிரண்டு. அவள் முழங்காலருகே இன்னும் முப்பது இருந்தது. நல்லம்மாளிடம் மொத்தமே ஒன்பது. தொடர வேண்டுமானால் அவளும் நான்கு வைக்க வேண்டும்.

எழுதுகிறவள் பிறகு நோட்டில் போட்ட கணக்கு: ஐந்து தடவை சீட்டு கேட்டால் ஏறக்குறைய ஒரு தடவைதான் ஆட்டின் வரும். மற்ற நான்கு தடவையும் நாலு நாலாகப் பதினாறு போய்விடும். வருவது பன்னிரண்டு. நஷ்டம்.

நல்லம்மாள் நான்கு துண்டை வைத்தாள். செல்லாத்தாள் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். நல்லம்மாளைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறவளிடம் கேட்டாள்.

நல்லம்மாள் குவியலைப் பார்க்கவேயில்லை. செல்லாத்தாள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டிருந்தாள். நல்ல சீட்டு வந்தால் அப்படித்தான் திருகுவாள். ஆட்டின் வந்துவிட்டால், அதற்குப் பிறகும் இவள் இன்னும் ஐந்து துண்டாவது வைப்பாள் என்பது நல்லம்மாளின் கணக்கு. பன்னிரண்டும் ஐந்தும் பதினேழு. பதினாறுக்குப் பதினேழு.

[இரண்டாம் படியில் செல்லாத்தாளைக் கருமியாக எழுதிப் பார்த்தாயிற்று. சரிவரவில்லை. அப்படிப்பட்டவள் ஐந்து துண்டை வைக்கமாட்டாள். நல்லம்மாளின் கணக்கே இடிந்துவிடும்.]

"ஒரு சீட்டு போடு கண்ணு" என்றாள் நல்லம்மாள், வேண்டாததைக் கவிழ்த்துவிட்டு.

"எனக்கு வேண்டாம்" என்றாள் செல்லாத்தாள். அவளிடம் மூன்று ராஜா இருந்தது.

போட்ட சீட்டு இன்னும் எழுதுகிறவளின் உள்ளங்கைக்கு அடியில் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது.

5

இங்கே பென்சில் இரண்டு நாள் நின்றது.

முடிவு அ: செல்லாத்தாள் சீட்டைக் கவிழ்த்துப் போடுகிறாள். குவியல் நல்லம்மாளுக்குப் போனாலும் அவளிடம் இருபத்தொன்று, செல்லாத்தாளிடம் முப்பது. மிஷின் செல்லாத்தாளுக்கு. [அவள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும்.]

முடிவு ஆ: ஆட்டின் வருகிறது, எல்லோரும் கைதட்ட— [வேண்டாம். ஐந்தில் ஒன்றை எழுதுகிறவள் இஷ்டத்துக்கு வரவைக்க முடியும் என்பதே கூச்சமாக இருக்கிறது.]

ஆகவே அந்தச் சீட்டு எது என்று இங்கே எழுதப்போவதில்லை. கதை எழுதுகிறவளை எப்படி நம்புவது? நீங்களே புரட்டிக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் சொல்லலாம்.

மிஷின்கள் இரைய ஆரம்பித்தன. "யாரு புள்ள, முடிவாச்சா?" என்று சாமியப்பன் மிஷின் பக்கமிருந்தே கத்தினார். செல்லாத்தாள் கையிலிருந்த ராஜாக்களை ஒருமுறை பார்த்தாள். நல்லம்மாளிடம் மிச்சமிருந்த ஐந்து துண்டுகளைப் பார்த்தாள். பிறகு தன் முப்பதிலிருந்து சரியாக ஐந்து எண்ணிக் குவியலில் வைத்தாள்.

நல்லம்மாள் தன் ஐந்தையும் வைத்தாள். இப்போது குவியலில் இருபத்தாறு; செல்லாத்தாளிடம் இருபத்தைந்து, நல்லம்மாளிடம் ஒன்றுமில்லை. குவியலை எடுப்பவளுக்கு மிஷின்.

எழுதுகிறவள் கையை எடுத்தாள். சீட்டைப் புரட்ட நல்லம்மாள் விரலை நீட்டுவதற்குள் செல்லாத்தாள் எழுந்துவிட்டாள். முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், சீட்டு எது என்றுகூடக் கேட்காமல், மடிப்பு மேசைப் பக்கம் நடந்தாள்.