துணைக்குப் போனவன்

காலையில் முதுகுப்பையை எடுத்து மாட்டும்போது அது போன வாரத்தைவிட லேசாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பையில் சாமான் குறைந்திருக்கிறது. இரண்டு, நமக்குப் பலம் கூடியிருக்கிறது. வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, பாரத்தைச் சோதித்தே சோறு தின்ற எனக்கு ஏனோ இரண்டாவதுதான் தோன்றியது.

தோன்றியதோடு விட்டிருக்கலாம். எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னேன்.

"தம்பி, மலை ஏறுறது காலால இல்ல, மூச்சால. ஆரம்பத்துல நானும் நாய் மாதிரி எளச்சவன்தான். இப்பப் பாருங்க, முதுகுல பை இருக்கறதே தெரியல."

"சூப்பர்ண்ணே" என்பார்கள். சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் பின்னால் பார்ப்பார்கள். பின்னால் என் மனைவி குனிந்தபடி வந்துகொண்டிருப்பாள். அவள் நடை அப்படி என்று நினைத்துக்கொள்வேன். நாளெல்லாம் தையல் மெஷினில் குனிந்த முதுகு, மலைக்கு வந்தால் மட்டும் நிமிருமா என்ன?

அந்தப் பாதை ஆறு கடலில் சேரும் இடத்தில் தொடங்கி, மலை மலையாக ஏறி இறங்கி, பனிக் கணவாய் ஒன்றைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் முடிகிறது. முழுதாக நடக்க மாதக்கணக்கில் ஆகும். அதில் நடக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் கூடாரம் போட்ட இடத்தில் யார் பை கிழிந்திருந்தாலும் வாங்கித் தைத்துக்கொடுத்ததால் இவள் 'ஊசி அக்கா'. எனக்கு 'ஸ்பீக்கர்'. அதை நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் இந்தப் பயணம் அவளுடையது. துணி ஆல்டர் செய்யும் கடையில், அவள் மெஷினுக்கு மேல் சுவரில், அந்தப் பாதையின் வரைபடம் வருஷக்கணக்காக ஒட்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் அதைத் தையல் அளவுப்படம் என்று நினைத்தார்கள். நான் சுவரில் விரிசல் இருக்கிறது, மறைக்க ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். கிளம்புவதற்கு முந்தின வருஷம், பையில் துணிக்கட்டைத் திணித்து மாட்டிக்கொண்டு எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் தினமும் ஏறி இறங்கினாள். லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியே படியில் போவதைப் பார்த்து, லிஃப்ட் பழுது போலிருக்கிறது என்று எனக்கு மூன்று வீட்டிலிருந்து புகார் வந்தது.

"நான் தனியாத்தான் போகலாம்னு இருக்கேன்" என்று அவள் சொன்னபோது, அது வாய்வார்த்தைக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டேன்.

"பொண்டாட்டியத் தனியா மலைக்கு அனுப்பிட்டு நான் வீட்ல உக்காந்து டிவி பாத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? துணைக்கு நானும் வரேன்."

மறுநாள் அவள் எனக்கும் ஒரு பை வாங்கி வந்தாள்.

பாதையில் எங்கள் காலைகள் இப்படித்தான் விடியும். அவள் எழுந்து, பனியில் நனைந்த கூடாரத்தை உதறி மடிப்பாள். நான் ஓடைக்குத் தண்ணீர் பிடிக்கப் போவேன். போகிற வழியில் எல்லாக் கூடாரத்திலும் நலம் விசாரித்து, ஈரம் காயாத சாக்ஸ் பற்றியும் கால் கொப்புளம் பற்றியும் கருத்துச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு நிறுத்திய பிள்ளைகள் மாதிரி இரண்டு பைகளும் தயாராக நிற்கும். எதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் பெட்டியை நான் கட்டியதில்லை. மலைக்கு வந்ததும் மட்டும் புதிதாகப் பழகவா போகிறேன்?

கணவாய்க்குக் கீழே கடைசியாக ஒரு சிறு நகரம் இருக்கிறது. மேலே போகிறவர்கள் அங்கே இறங்கிச் சாப்பாட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் அங்கே இறங்கியபோது அவள் நொண்டிக்கொண்டிருந்தாள். நொண்டத் தொடங்கிச் சில நாளாகியிருந்தது. நான்தான் அதைச் சுளுக்கு என்று தீர்மானித்துத் தைலம் தடவச் சொல்லியிருந்தேன்.

மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்புல விரிசல். எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப பாரம்தான். தாங்காத பாரத்த நாள்கணக்கா தூக்கி நடந்தா இப்படித்தான் ஆகும். நீங்க எவ்ளோ தூக்குறீங்க?"

"கொஞ்சம்தாங்க" என்றாள் இவள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கனமானதெல்லாம் நான்தான் தூக்கறேன் டாக்டர்" என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. "இந்த வருஷம் அவ்வளவுதாம்மா. இன்னும் கொஞ்ச நாள்ல மேல பனி மூடிரும். நீங்க காலக் கீழ வைக்கவே கூடாது."

"கட்டுப் போட்டுக்கிட்டு மெதுவாப் போனா?"

"மெதுவாப் போனா மெதுவா ஒடையும்."

இவள் அழவில்லை. காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் அடியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

விடுதியில் அறை மாடியில் இருந்தது. அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுப் பைகளை எடுக்க இறங்கினேன். விடுதிக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே என் பையை ஒரு கையிலும் அவள் பையை இன்னொரு கையிலும் ஒரே தூக்காகத் தூக்கினேன். என் பை எழுந்தது. அவள் பை இருந்த இடத்திலேயே இருக்க, நான்தான் அதன் பக்கமாகச் சாய்ந்தேன்.

"என்ன சார், அக்கா வழியில கல்லு பொறுக்கறாங்களா?" என்றார் விடுதிக்காரம்மா.

ஒவ்வொன்றாகப் படித் திருப்பம் வரை ஏற்றி, அங்கே வைத்து அவள் பையைத் திறந்தேன். கூடாரத் துணி. கூடாரக் கம்பிகள். அடுப்பு, அதன் கேஸ் டப்பா, பாத்திரம். சாப்பாட்டு மூட்டை முழுதும். என் ஃபிளாஸ்க். என் கம்பளிச் சட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், அவசரத்துக்கு உதவும் என்று நான் அடம்பிடித்துக் கொண்டுவந்த ஸ்பேனர் செட். மலையில் எந்த லிஃப்டைக் கழற்றி மாட்டப் போகிறேனோ!

என் பையையும் திறந்தேன். இரண்டு தூங்கும் பைகள், காற்றடைத்த தலையணை, துண்டு, கொஞ்சம் துணிமணி. பார்க்க மட்டும் பெரியதாக, நன்றாக உப்பவைத்துக் கட்டியிருந்தாள்.

லிஃப்டில் பாரம் கூடினால் மணி அடிக்கும். கதவு மூடாது. மணி கெட்டுப்போயிருந்தாலும் மோட்டார் முனகுவதைக் கேட்டே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று சொல்லுகிற காது என்னுடையது. பின்னால் அவள் மூச்சு வாங்கியதை அத்தனை நாளும் அதே காதால்தான் கேட்டிருக்கிறேன்.

அறையில் அவள் கட்டிலில் காலை நீட்டிச் சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

என் கையில் இருந்த ஸ்பேனர் செட்டைப் பார்த்தாள். "அந்த மரப்பாலம் தாண்டி ஏத்தத்துல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தீங்களே, அன்னிலேர்ந்து. மொதல்ல கம்பி மட்டுந்தான். அப்புறம் ஒண்ணொண்ணா."

"சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா ரோஷம் வந்து எல்லாத்தையும் நீங்களே தூக்கியிருப்பீங்க. ஏதாவது ஆயிருக்கும். பாதில திரும்பியிருப்போம்."

"இப்பவும் பாதிதான்."

"ஆமா" என்றாள். "நானும் மனுஷிதான, கணக்குத் தப்பிருச்சு."

"இந்த இரும்ப ஏன் தூக்கிப் போடல?"

"தேடுவீங்கன்னு நெனச்சேன்." அதை என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "ஒரு தடவகூடத் தேடல" என்றாள்.

திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "தனியாப் போகலாம்னு இருக்கேன்னு சொன்னேன்ல? ஏன் வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். குரலில் கோபம் இல்லாததால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பயந்தான்."

"எனக்கு என்னமாச்சும் ஆயிரும்னா?"

"இல்ல. உனக்கு ஒண்ணும் ஆகாம, நான் இல்லாமயே நீ நல்லா இருந்துட்டு வந்தா, அப்புறம் நான் என்ன பண்றதுன்னு."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா சிரிச்சிட்டு, ஒரு டீ போட்டுக் குடுத்துட்டுக் கெளம்பியிருப்பேன். இந்நேரம் ஏரிக்கரைல உக்காந்து உங்களுக்கு ஃபோன் பண்ணிருப்பேன்."

"அடுத்த வருஷம் நீ தனியாப் போ. நானே பஸ் ஏத்தி விடறேன்."

"அடுத்த வருஷம் இந்தக் கால் என்ன சொல்லுதோ."

மறுநாள் இரண்டு பைகளையும் நானே தூக்கினேன். ஒன்று முதுகில், ஒன்று மார்பில். விடுதிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே ஒரு பேக்கரியும் தபால் நிலையமும்தான். பேக்கரி வாசலில் ஒரு தடவை, தபால் நிலையத்தின் எதிரில் ஒரு தடவை இறக்கிவைத்து மூச்சு வாங்கினேன். ஊன்றுகோலோடு அவள் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தாள்.

மேலே போகிறவர்கள் சிலர் அந்த வழியாக வந்தார்கள். "ஊசி அக்கா, என்னாச்சு?" என்று அவளைச் சூழ்ந்தார்கள். ஒரு பெண் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் பையில் தோள்பட்டை வார் புதுநூலால் தைத்திருந்தது. "வார்ல தண்ணி படாமப் பாத்துக்க. கணவாய்ல காத்து இருக்கும், காதக் கட்டிக்க" என்றாள் இவள். அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது போலிருந்தது.

பேருந்தில் கட்டுப்போட்ட காலை நீட்ட வசதியாக அவளுக்கு நடைவழிப் பக்கம் இடம் கொடுத்து, சன்னலோரம் நான் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டியதும் சாலை வளைந்தது. கணவாய் முழுதாக என் பக்கத்துச் சன்னலில் வந்து நின்றது. அவள் கழுத்தை நீட்டினாள். நடுவில் நான் இருந்தேன். எழுந்து நிற்க இடமில்லை. மடியில் பை.

முதுகை இருக்கையோடு ஒட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றை எக்கிக்கொண்டேன்.

"தெரியுதா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

இன்னும் கொஞ்சம் எக்கினேன்.