மோட்டாரை நிறுத்திய பிறகு

சனிக்கிழமை மாலை தொலைக்காட்சி ஓடினால் காசிவிஸ்வநாதனின் வாயும் கூடவே ஓடும். பிரிக்பீல்ட்ஸில் தண்ணீர் பம்பு விற்கும் கடைக்காரர் அவர். எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாமல் இருக்க முடியாது. விண்கப்பலில் திரியும் குடும்பத்தைப் பற்றிய அந்தத் தொடரை வாராவாரம் கழற்றிப் போட்டுவிடுவார். வேற்றுக் கிரகத்துப் புழுதி வெறும் கோதுமை மாவு என்பார். ராக்கெட்டைத் தாங்கும் நூலை மட்டும் பத்து வயது மகள் மெய்யம்மை அவருக்கு முன்பே கண்டுபிடித்துக் கத்துவாள்.

அந்த வாரம் தேட நூல் இல்லை. கப்பலின் காற்று இயந்திரம் பழுதாகிவிட்டது. நிறுத்தினால்தான் உள்ளே இருக்கும் வால்வை மாற்ற முடியும். மறுபடி ஓடினால்தான் இயந்திர அறையின் கதவு திறக்கும். பிள்ளைகளின் அம்மா உள்ளே போனாள். மாற்றி முடித்துக் கையசைத்தாள். வெளியே அப்பா விசையைத் தட்டினார். ஓடவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினார். அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அதோடு முடிந்தது. வழக்கமான துள்ளல் இசைகூட இல்லாமல் நடித்தவர்களின் பெயர்கள் மட்டும் திரையில் ஏறின.

"அடப்பாவிங்களா, இது புள்ளைங்க பாக்கற படமா லா?" எதிர்வீட்டு நல்லம்மாள் கச்சான் கடலை டப்பாவை மூடினாள். "எப்பவும் அந்த இரும்புப் பொம்மை சமைக்கும், எல்லாம் சிரிக்கும். இப்ப அம்மாக்காரியக் கொன்னுட்டானே!"

"அடுத்த வாரம் எந்திரிச்சு வந்துருவாக்கா," என்றாள் நாற்காலியில் சாய்ந்திருந்த விசாலம், காசிவிஸ்வநாதனின் மனைவி.

"வந்தாலும் எனக்கு வேணாம்மா. நான் மலாய் டிராமாவே பாத்துக்கறேன்." நல்லம்மாள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள்.

காசிவிஸ்வநாதன் தொண்டையைச் செருமினார். "அந்தக் கதவு இருக்கே, வெறும் பலகை. மேல வெள்ளி பெயிண்ட் அடிச்சிருக்கான்..."

"அப்பச்சி." மெய்யம்மை திரையிலிருந்து திரும்பாமலே அப்பாவைக் கூப்பிட்டாள். "ஆத்தாவுக்கும் இப்படித்தானே செய்யப் போறாங்க?"

அவள் கேட்டது அம்மாவைப் பற்றி. விசாலத்துக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்து வால்வு ஒன்றைக் கெடுத்திருந்தது. மூடவேண்டிய நேரத்தில் அது சரியாக மூடாது. முன்னால் போன ரத்தத்தில் கொஞ்சம் பின்னால் ஒழுகும். அதனால்தான் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. திங்கட்கிழமை ஆபரேஷன். இதையெல்லாம் மகளுக்குப் புரியவைக்க, கடையிலிருந்து ஒரு பம்பையே தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் பிரித்துக் காட்டியவர் அவர்தான். 'ஓடற பம்புல வால்வு மாத்த முடியுமா? நிறுத்தணும். அந்த நேரத்துக்கு வெளியில ஒரு மிஷின் ரத்தத்தை ஓட்டும். மாத்தினதும் மறுபடி ஓட்டிருவாங்க.' மெய்யம்மை தானே வால்வைக் கழற்றி மாட்டினாள். எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்கு ஒரே பெருமை.

"அது கதைம்மா."

"நீங்கதானே எல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்வீங்க? திரும்ப ஓடலன்னா என்னா செய்வாங்க?"

"தானாவே துடிக்கும். இல்லன்னா கொஞ்சமா கரண்டு கொடுப்பாங்க."

"அப்பவும் ஓடலன்னா?"

கடையில் அப்படிப்பட்ட பம்பு பின்கட்டு மூலைக்குப் போகும். பழைய இரும்புக்காரன் லோரியில் வந்து அள்ளிக்கொண்டு போவான். அந்த மூலை அவர் கண்ணுக்குள் வந்து நின்றது, நகர மறுத்தது.

"சொல்லுங்களேன், எனக்கும் தெரியணும்," என்றாள் விசாலம். "டாக்டர்கிட்ட இதக் கேட்டீங்களா?"

"இல்ல."

"மிஷின் எந்த ஊர்ல செஞ்சதுன்னுகூடக் கேட்டீங்களே!"

"இதக் கேக்கல. பயந்துட்டேன்."

மெய்யம்மை அப்போதுதான் திரும்பினாள். அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. வாசலோரம் கட்டிவைத்திருந்த தன் பையைக் காட்டினாள். ஆபரேஷன் முடியும்வரை கிள்ளானில் சித்தி வீட்டில் அவளை விடுவதாக ஏற்பாடு.

"நான் கிள்ளானுக்குப் போகமாட்டேன். அங்க அந்தப் படத்துல மாதிரி கண்ணாடிகூட இல்ல, எதுவுமே தெரியாது."

"சின்னப் புள்ளைங்கள ஆஸ்பத்திரியில..."

"வாசல் பெஞ்சுல உங்க பக்கத்துல இருக்கட்டும்," என்றாள் விசாலம். "தனியா விட்டா நீங்க நர்சுக்குப் பம்புப் பாடம் எடுப்பீங்க." அவளே சிரித்தாள். சிரித்ததில் மூச்சு இரைத்தது. மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

காசிவிஸ்வநாதன் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். படம் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றது. அது ஏன் உடனே அணைவதில்லை என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மெய்யம்மை அம்மாவின் நெஞ்சில் காதை வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"கேக்குதா?" என்றாள் விசாலம்.

"ம். ஒழுகற சத்தமும் கேக்குது."

அவர் கிள்ளான் பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்தபோது புள்ளி மறைந்திருந்தது.

"நாளைக்கு அட்மிட் பண்றப்ப டாக்டர்கிட்ட கேக்கறேன்," என்றார்.

"நானும் வரேன்," என்றாள் மெய்யம்மை, காதை எடுக்காமல். "நீங்க பாதியில நிறுத்திட்டா நான் கேப்பேன்."