கழுவிய டிரம்

“பூமியத் தோண்ட வேண்டாம், பழைய பேட்டரி போதும்” என்று கேமராவைப் பார்த்துச் சொல்வதற்குள் ரோசம்மாவுக்கு நாக்கு தள்ளிவிட்டது. கோபால்ட் என்கிற உலோகத்தை எடுக்க எங்கோ மலையைக் குடைகிறார்களாம், ஆறெல்லாம் நாசமாம். தாராவியில் ரோசம்மா உடைக்கிற லேப்டாப் பேட்டரியின் கரித்தூளிலும் அதே கோபால்ட்தானாம். விளம்பரப் படம் எடுக்க மாட்டுங்காவிலிருந்து வந்த ஷ்யாமளா இதை விளக்கியபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கிளவுஸும் மாஸ்க்கும் இன்றுதான் முதல் தடவை போடுகிறாள். படம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அந்த மட்டில்தான் அக்கறை.

அடுத்து, மிச்சச் சார்ஜ் இறங்க பேட்டரிகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிற நீல டிரம்மைப் படம் பிடித்தார்கள். ஷ்யாமளா போகிற போக்கில் சொன்னாள்:

“இந்தத் தண்ணில விஷம் எறங்கியிருக்கும் ஆன்ட்டி. டிரம்மெல்லாம் எத்தன கழுவினாலும் போகாது. வெட்டித்தான் போடணும்.”

இதே மாதிரி பேட்டரி ஊறிய டிரம் ஒன்று ரோசம்மாவின் வீட்டு வாசலில் நிற்கிறது. காலையில் ஒரு மணி நேரம் வருகிற குழாய்த் தண்ணீரை வேறு எதில் பிடித்துவைப்பது? ஈஸ்டருக்கு முதலாளி ஜஹாங்கீர் பாயிடம் கெஞ்சி வாங்கி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளக்கிறது பார் என்று மருமகள் ஷைனியிடம் பீற்றிக்கொண்டவளே அவள்தான். ஷைனிக்கு இது ஏழாம் மாசம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை.

“பாய், எனக்கு ஒண்ணு தந்தியள்லா?” என்றாள், பக்கத்தில் நின்ற முதலாளியிடம்.

பாயின் முகம் வெளுத்திருந்தது. “எங்க வீட்டுலயும் அதான் கெடக்கு,” என்றார் மெதுவாக.

ஷ்யாமளா கூப்பிடக் கூப்பிட, ரோசம்மா போட்ட கிளவுஸோடு ஓடினாள். வீட்டு வாசலில் டிரம் பாதி நிறைந்திருந்தது. தோளைக் கொடுத்துச் சாய்த்தாள். சந்து முழுக்கத் தண்ணீர். எதிர்வீட்டுப் பேராச்சி தலையில் அடித்துக்கொண்டாள். எவளாவது இப்படிக் குடிக்கிற தண்ணியைக் கொட்டுவாளா, கிறுக்கா பிடித்திருக்கிறது என்று ஏசிக்கொண்டே, வழிவதைப் பிடிக்கக் குடத்தைத் தூக்கி வந்தாள். ரோசம்மா அதைப் பிடுங்கி எறிந்தாள். வாயைத் திறந்து காரணம் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஷைனிக்குக் கேட்டுவிடும்.

சத்தம் கேட்டு வெளியே வந்த ஷைனி மாமியாரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காலையில் அதே டிரம்மிலிருந்து மொண்டு வைத்த பானையில் இரண்டு டம்ளர் எடுத்து வந்தாள்.

“இப்படி வேர்த்துக் கொட்டுதே. மொதல்ல இதக் குடிங்க, அத்தே.”

ரோசம்மா வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். ஷைனி ஒரு கையை இடுப்பில் ஊன்றி, தன் டம்ளரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள்.