மேட்ரனைத் திட்டிய வருஷங்கள்

அக்காவை இடப்பக்கம் சாய்த்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, ஈரத்துணியால் இடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த முனகல் வந்தது. சின்னவளுக்கு அந்த ஒலி தெரியும். பதினொரு வருஷம் வார்டில் கேட்டிருக்கிறாள். காலையில் போட்ட ஊசி தீர்ந்துவிட்டது, வலி திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

மணி பத்தே முக்கால். வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ் பதினொன்றுக்கு வரவேண்டும். சின்னவள் போன் செய்தாள். வேறொரு வீட்டில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும் பன்னிரண்டு ஆகிவிடும் என்றும், அதுவரை வாயில் விடுகிற சொட்டு மருந்தைக் கொடுங்கள் என்றும் நர்ஸ் சொன்னாள். இரண்டு நாளாக எச்சில்கூட இறங்கவில்லை என்றாள் இவள். சீக்கிரம் வரப் பார்க்கிறேன் என்று நர்ஸ் போனை வைத்துவிட்டாள்.

ஊசி மருந்து கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில்தான் இருந்தது, நீல மூடி போட்ட டப்பாவில். சிரிஞ்சும் உள்ளேயே. மூடியில் 'நர்ஸ் மட்டும்' என்று ஒட்டியிருந்தார்கள். உள்ளே எத்தனை குப்பிகள் என்று ஒவ்வொரு முறையும் எண்ணி எழுதிவிட்டுத்தான் நர்ஸ் போவாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "நீயே போடேன்டி."

"எனக்கு லைசென்ஸ் இல்லக்கா," என்றாள் சின்னவள், மன்னிப்புக் கேட்கிற குரலில். முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறூட்டுகிற உதவியாளர் வேலை அவளுக்கு. ஊசியைத் தொட்டாள் என்று தெரிந்தால் அதுவும் போய்விடும்.

ஊரில் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு. வார்டுப் பொறுப்பு அக்காவுக்கு. பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர் என்றுதான் நோயாளிகள் கூப்பிடுவார்கள். சின்ன சிஸ்டர் ஊசி போட்டால் போட்டதே தெரியாது, பெரிய சிஸ்டர் திட்டினால் ஒரு வாரத்துக்குத் தெரியும் என்று அங்கே ஒரு கேலி உண்டு. நரம்பே அகப்படாத கை என்றால் டாக்டர்களும் சின்னவளுக்குத்தான் ஆளனுப்புவார்கள்.

அக்கா முதலில் இந்த நாட்டுக்கு வந்து, பரீட்சை எழுதி, நர்ஸானாள். தனக்குப் பாப்பா பிறந்ததும் தங்கையையும் வரவழைத்தாள். லைசென்ஸுக்கான விண்ணப்பத்தை அக்காவே நிரப்பினாள். அவள் ஏற்கெனவே நடந்த வழி. ஊர் ஆஸ்பத்திரி அதற்குள் மூடப்பட்டு, பதிவேடுகள் போன இடம் தெரியவில்லை. இவள் அங்கே வேலை பார்த்தது உண்மைதான் என்று அப்போதைய மேலதிகாரி ஒருவர் எழுதிக்கொடுத்தால் போதும் என்றது நர்சிங் கவுன்சில். நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியாக இருந்த மேட்ரன் பெயரைக் கொடுத்திருப்பதாக அக்கா சொன்னாள்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. மூன்று முறை எழுதியும் மேலதிகாரியிடமிருந்து பதில் இல்லை, ஆகவே விண்ணப்பம் முடிக்கப்படுகிறது. மறுபடி போடலாம் என்றால், கடைசியாக வார்டில் வேலை பார்த்து இத்தனை வருஷத்துக்குள் என்று ஒரு கெடு இருந்தது. அதுவும் தாண்டியிருந்தது. முதல் வருஷத்திலிருந்து படித்துக்கொண்டு வா என்றார்கள். மேட்ரனைக் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று சின்னவள் போனை எடுத்தபோது அக்கா தடுத்தாள். தானே பேசிவிட்டதாகவும், கிழவிக்கு உன்மேல் என்ன கோபமோ, பிடிகொடுக்கவே இல்லை என்றும் சொன்னாள். அன்று இருவரும் சமையலறையில் உட்கார்ந்து அழுதார்கள். அக்காதான் அதிகம் அழுதாள்.

அதற்குப் பிறகு பதினாலு வருஷம் சின்னவள் மேட்ரனைத் திட்டினாள். முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, யாராவது டாக்டர் தன்னைத் தாண்டிப் பக்கத்திலிருந்த நர்ஸிடம் பேசும்போது. நாலு வருஷத்துக்கு முன்னால் மேட்ரன் இறந்த செய்தி வந்தது. போகட்டும் என்றவள், வெங்காயம் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

"மேட்ரன இனிமே திட்டாத," என்றாள் அக்கா.

வலியில் பிதற்றுகிறாள் என்று நினைத்துச் சின்னவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"நான் அவங்க பேரக் குடுக்கல. என் பேரத்தான் குடுத்தேன். மூணு லெட்டரும் எனக்குத்தான் வந்துச்சு, இங்க என் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு."

துணியிலிருந்து தண்ணீர் சின்னவளின் முழங்கை வரை வழிந்தது. துணியை மடித்து மேஜையில் வைத்தாள். "ஏன்க்கா?"

"எழுதணும்னுதான் இருந்தேன். பாப்பாவுக்கு எட்டு மாசம். எனக்கு அப்பதான் வேலை நெலச்சுது. நீயும் டியூட்டிக்குப் போயிட்டா அவள யாரு பாத்துப்பா?" அக்கா மூச்சுக்கு நின்றாள். "ஒரு வருஷம் போகட்டும்னு நெனச்சேன். அப்புறம் சொல்ல வாய் வரல."

முனகல் மறுபடி வந்தது, இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு. அக்காவின் கால்கள் போர்வைக்குள் மடங்கின.

"போடுடி. உன் கை எனக்குத் தெரியாதா?"

சின்னவள் டப்பாவைப் பார்த்தாள். குப்பியின் கழுத்தை உடைக்கிற விதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே சேர்ந்தன. அவற்றுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை.

"எனக்கு லைசென்ஸ் இல்லக்கா," என்றாள்.

சற்றுமுன் சொன்ன அதே வார்த்தைகள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

நர்ஸ் வர இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அத்தனை நேரமும் சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். வலி ஏறும்போது அந்தக் கை இவள் விரல்களை நெரித்தது. இவள் நெரிக்க விட்டாள். ஊசி போட்ட பத்தாவது நிமிஷம் அக்கா தூங்கிப்போனாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மூன்று மணி சுமாருக்கு மூச்சுகளுக்கு இடையே இடைவெளி நீண்டது. அத்தான் வேலையிலிருந்து வந்து கால்மாட்டில் நின்றார். சின்னவள் அக்காவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுதும் காத்திருந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து. நர்ஸ் திரும்பி வந்தபோது அதைச் சொன்னாள். தான் பார்த்த நேரத்தைத்தான் எழுத முடியும் என்று நர்ஸ் தயக்கத்தோடு சொல்லிவிட்டு, நாலு இருபத்தைந்து என்று எழுதினாள். அந்த ஒரு மணி நேரமும் கால் மணியும் அக்கா காகிதத்தில் உயிரோடு இருந்தாள்.

நர்ஸை அனுப்பிவிட்டு வந்த அத்தானிடம் சின்னவள் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தான்?"

அவர், எது என்று கேட்கவில்லை. சன்னல் திரையை இழுத்து மூடினார், பாதி திறந்தார், பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டும் என்று சாவியைத் தேடிக்கொண்டு போனார்.

பாப்பாவுக்கு இப்போது பதினாறு நடக்கிறது. வந்தவள் கட்டிலருகே ஒரு கணம் நின்றுவிட்டு, "சித்தி" என்று இவள் தோளில் வந்து விழுந்தாள். எட்டு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து அழுகை வந்தால் அவள் வந்து விழுகிற இடம் அது. சின்னவளின் கை தானாகவே அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அடக்கம். அஞ்சலிக் கூடத்துக்கு அக்காவின் வார்டிலிருந்து ஒன்பது பேர், பாதிப் பேர் சீருடையோடு, டியூட்டிக்கு நடுவே வந்திருந்தார்கள். தலைமை நர்ஸ் சின்னவளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களப் பத்தி நெறைய சொல்லுவாங்க. ஆளே கெடைக்காம தவிச்சப்ப, உங்க தங்கச்சிய வரச் சொல்லுங்க, கவுன்சில்ல நான் பேசறேன்னுகூட சொன்னேன். உங்களுக்கு இந்த வேலையே வெறுத்துப்போச்சுன்னாங்க."

முன்வரிசையில் பாப்பா திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள் சின்னவள். "வெறுத்துத்தான் போச்சு."

அத்தான் எழுந்து போய், கூடப்பிறந்தவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார். இவளிடம் முன்னால் கேட்கவில்லை. எல்லாரும் திரும்பினார்கள். சின்னவள் எழுந்து போனாள். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. திருகைத் தளர்த்தி இறக்கிக்கொண்டாள்.

"அக்கா நல்ல நர்ஸ்," என்றாள். "எந்த நோயாளிக்கும் மருந்து ஒரு நிமிஷம் லேட்டாக விட்டதில்ல."

இன்னும் ஏதோ சொல்வாள் என்று கூடம் காத்திருந்தது. சீருடைக்காரர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் மைக்கை முன்பிருந்த உயரத்துக்கே ஏற்றினாள். திருகை இறுக்கினாள். ஆடுகிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.