நடுவில் ரத்னம்மா

வெள்ளிக்கிழமை என்றால் ரத்னம்மா வெற்றிலை போடமாட்டாள். பக்தி கிக்தி ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் குவைத்திலிருந்து அவள் மகன் எத்திராஜ் போன் செய்வான். போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு, அவன் சொல்வதையெல்லாம் மருமகள் சுலோசனாவுக்கு உதட்டை அசைத்துச் சொல்லவேண்டியது அவள் வேலை. வாய் நிறைய வெற்றிலையை அதக்கிக்கொண்டால் மருமகள் உதட்டை எப்படிப் படிப்பாள்?

சுலோசனாவின் காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் குக்கர் விசில் போயிற்று. அப்புறம் பின்னாலிருந்து கூப்பிடுகிற குரல் போயிற்று. கடைசியில் பிச்சாட்டூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்காரன் அவள் முதுகை ஒட்டி ஹாரன் அடித்தாலும் அவள் பாட்டுக்கு நிற்பாள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷினை மூன்று தடவை பெரிசாக மாற்றியும் பிரயோஜனமில்லை. முப்பது வயதுக்குள் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிவிட்டாள். வீடியோ காலெல்லாம் அப்போது ஏது? நாலு வருஷமாகப் புருஷன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மாமியார் உதட்டில்தான் வந்து சேர்ந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச ஆயிரம் இருக்கும். அதையெல்லாம் பெற்ற தாயை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு எவன் பேசுவான்? ஒரே ஒரு தடவையாவது அவன் குரலைத் தன் காதாலேயே கேட்டுவிட வேண்டும் என்று சுலோசனா ஏங்கிப்போனாள்.

காதுக்குள்ளேயே கருவியை வைத்துத் தைத்துவிட்டால் கேட்கும் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஆபரேஷனுக்காகவே எத்திராஜ் ஊர் திரும்புகிற யோசனையை விட்டுவிட்டு இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து, காந்த வில்லையைத் தலைக்கு வெளியே ஒட்டி, உள்ளே வைத்த கருவியை ஓடவிட்டார்கள். கேட்டது. ஆனால் என்ன கேட்டது? தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவதுபோல் ஒரு சத்தம். அதுதான் பேச்சாம். பழகப் பழக மூளை பிரித்துக்கொள்ளும், தினமும் வீட்டில் பயிற்சி செய்யவேண்டும் என்று சொல்லி, பயிற்சி கொடுக்கிற ரூபா மேடம் ஒரு தாளைக் கொடுத்தார். பாலு, நீள்ளு, செட்டு என்று பாலையும் தண்ணீரையும் மரத்தையும் தெலுங்கில் வரிசையாக எழுதிய தாள்.

தெலுங்கு எப்படி வந்தது? வீட்டில் என்ன பாஷை என்று கவுண்டரில் கேட்டபோது, ரத்னம்மா கொஞ்சமும் யோசிக்காமல் தெலுங்கு என்று எழுதவைத்திருந்தாள். ஆந்திர எல்லைக்குள் இருக்கிற அந்தப் பக்கத்துத் தமிழ் ஜனங்கள் அப்படித்தான். ரேஷன் கார்டுக்குக் கேட்டாலும் சரி, போலீஸ் கேட்டாலும் சரி, தெலுங்குதான். தமிழ் என்று சொன்னால், அப்படியானால் ஊத்துக்கோட்டைக்குப் போய்க் கேள் என்று எல்லைக்கு அந்தாண்டை தள்ளிவிடுவார்களோ என்று பயம். சுலோசனாவுக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு அவளுக்கும் தெலுங்கு தெரியுமே.

பாவம், ரத்னம்மா அந்த வார்த்தைகளை மனப்பாடமே செய்துவிட்டாள். ஒரு நாள் தவறாமல் பாலு, நீள்ளு என்று தொண்டை கிழியக் கத்துவாள். பாடம் முடிந்ததும் பழையபடி சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பாள். காது கேட்காதவளிடம் குரலை ஏன் வீணடிக்க வேண்டும் என்று பழகிய வீடு அது. ஆக, கருவி வைத்தும் சுலோசனாவின் காதில் தமிழே விழவில்லை.

மூன்று மாதம் போயிற்று. துணி கட்டிய வளையத்தால் வாயை மறைத்துக்கொண்டு ரூபா சொன்ன இருபது வார்த்தைகளில் இரண்டுகூடத் தேறவில்லை. நரம்பு ரொம்ப நாள் சும்மா கிடந்துவிட்டது, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவர் தயங்கித் தயங்கி எழுதிக் காட்டினார். சுலோசனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த ரத்னம்மாவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. தெலுங்கெல்லாம் பறந்துபோயிற்று.

"எம்புள்ள இவளுக்காக அங்க வெந்துகினு கெடக்கறான். நான் இன்னான்னு போய் அவனாண்ட சொல்லுவேன்?"

"நானே சொல்றேன் அத்தே," என்றாள் சுலோசனா, குனிந்த தலை நிமிராமல்.

ரூபா கையிலிருந்த வளையத்தைக் கீழே வைத்தார். உங்கள் வீட்டில் உண்மையாக என்ன பாஷைதான் பேசுவீர்கள் என்று கேட்டார். திருட்டில் பிடிபட்டவள் மாதிரி ரத்னம்மா தமிழ் என்று ஒப்புக்கொண்டாள். ரூபா தலையில் அடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து கேட்ட பாஷைதான் முதலில் திரும்பி வரும், இதைச் சொல்ல மூன்று மாதமா என்று ஒரு பிடி பிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் தமிழ், எல்லாம் சத்தமாக. ரத்னம்மா திட்டுவதையும் சேர்த்துத்தான். பக்கத்துத் தெருவுக்குப் போய் நின்றுகொண்டு போனிலும் பேசிப் பழக்கினாள். எத்திராஜிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, போன் அடித்ததும் சுலோசனா எடுத்தாள்.

"மாமா, நான்தான். நீ பேசறது எனக்கே கேக்குது."

அந்தப் பக்கமிருந்து என்னவோ கரகரவென்று கேட்டது. கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்துபோனாள். பிறகுதான் புரிந்தது, அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அம்மாவாண்ட சொல்லாத சுலோ. என்னால இங்க முடியல. பேசறதுக்கு ஒரு ஆளு இல்ல. தனியா கெடந்து பைத்தியம் புடிச்சிடும் போல கீது. நான் வந்துடட்டுமா?"

இத்தனை வருஷமாக இந்தப் பேச்சு வர வழியில்லாமல் அவனிடமே கிடந்திருக்கிறது. தன் காதுக்காகத்தானே அவன் அங்கே மாட்டிக்கொண்டான்.

"வா மாமா," என்றாள். "சீக்கிரம் வா."

போனை வைத்தபோது ரத்னம்மா எதிரே உட்கார்ந்து மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் சொன்னதில் ஒரு வார்த்தை அவள் காதுக்கு எட்டவில்லை. என்ன சொன்னான் என்று கேட்டாள்.

"நல்லா கீறாராம். லீவுல வர்றாராம்," என்ற சுலோசனா, கூடவே "உன்னைத்தான் மொதல்ல கேட்டாரு. அம்மா துன்னாளான்னு," என்றாள்.

எத்திராஜ் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ரத்னம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. அதைப் பார்த்ததும் சுலோசனாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வெள்ளிக்கிழமைகளிலும் மாமியாரின் உதட்டில் படித்த ஆசை வார்த்தைகளில் எத்தனை அவன் சொன்னது, எத்தனை இவளாகச் சேர்த்தது? அதைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. எழுந்துபோய் மாமியாருக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள்.